பழைய போனில் யாருடைய பெயர்?

கேள்வி: படிப்புக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். விற்றவர், “எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், புதுசு மாதிரி இருக்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். வைஃபை போட்டதும் திரையில் ஒன்பது புள்ளிகள் வந்து பழைய பேட்டர்னைப் போடச் சொல்கிறது. அதை விட்டால், முன்பு இந்த போனில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கிறது. மூன்று முறை ரீசெட் செய்துவிட்டேன். அதே புள்ளிகள்தான் வருகின்றன. ஒருவர் பணம் கொடுத்தால் திறந்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: கொடுக்காதீர்கள், தங்கையே. நான்காவது ரீசெட்டும் வேண்டாம். விற்றவரை இன்றைக்கே கூப்பிடுங்கள். அவருக்கு அந்தப் பேட்டர்ன் இன்னும் நினைவில் இருக்கும். இரண்டு வாரம் போனால் புதுப் போனின் பேட்டர்ன் அவர் கையில் பழகிவிடும்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன், தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஆண்ட்ராய்டு போனை இரண்டு வழியில் அழிக்கலாம். செட்டிங்ஸுக்குள் போய் ரீசெட் கொடுத்தால், போன் முதலில் ஸ்கிரீன் லாக்கைக் கேட்கும். சரியாகப் போட்டவர் சொந்தக்காரர் என்று நம்பி, உள்ளே இருப்பதையும் பூட்டையும் சேர்த்தே எடுத்துவிடும். இன்னொரு வழி, போனை அணைத்துவிட்டு பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி அழிப்பது. அங்கே யாரும் எந்தப் பூட்டையும் கேட்பதில்லை. திருடியவரும் அதைத்தான் செய்வார். அதனால் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், அப்படி அழிக்கப்பட்ட போன் மறுபடி எழும்போது பழைய சொந்தக்காரர் யார் என்று கேட்கிறது. அந்த நினைவு, ரீசெட் தொடாத தனி இடத்தில் இருக்கிறது. நீங்கள் முப்பது முறை அழித்தாலும் அந்த இடம் அப்படியே இருக்கும்.

ஆகவே உங்களுக்கு விற்றவர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு பட்டனை அழுத்தி அழித்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று மனதார நம்பிய நல்லவர்கள் எத்தனையோ பேரை என் மேசையில் பார்த்திருக்கிறேன். போன் பழுது பார்ப்பதில் என் வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. முதலில் சந்தேகப்பட்டுப் பேசினால் அவர் போனையே எடுக்காமல் போய்விடுவார். மெதுவாகப் பேசுங்கள்.

அவரிடம் கூகுள் பாஸ்வேர்ட் கேட்க வேண்டாம். பழைய பேட்டர்ன் மட்டும் போதும், அந்த ஒன்பது புள்ளிகள் கேட்பது அதைத்தான். ஆனால் பேட்டர்னை வாயால் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் யாருக்கும் வராது. “மேலே இடது பக்கம் ஆரம்பிச்சு… இல்லை, நடுவில…” என்று திணறுவார்கள். பேட்டர்னை மனதைவிட விரல்தான் நன்றாக நினைவு வைத்திருக்கும். ஒரு தாளில் ஒன்பது புள்ளி வைத்து, யோசிக்காமல் பேனாவை ஓட்டச் சொல்லுங்கள். ஆரம்பித்த புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்படித் திறந்த போன்கள் எனக்கு நிறைய உண்டு.

பேட்டர்ன் அடியோடு மறந்துபோயிருந்தால் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு இரண்டு பேரும் நேரில் உட்காருவது நல்லது. பாஸ்வேர்டை அவரே உங்கள் போனில் தட்டட்டும், நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்தும் எண் அவருடைய புதுப் போனுக்கு வரலாம், அதனால்தான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். பாஸ்வேர்டே மறந்து புதிதாக மாற்றினார் என்றால், 24 மணி நேரம் பொறுத்திருந்து போடுங்கள். கணக்கை யாராவது பிடுங்கிக்கொண்டார்களோ என்ற எச்சரிக்கையில் கூகுள் வைத்திருக்கும் இடைவெளி அது. உள்ளே போனதும் அவருடைய கணக்கை செட்டிங்ஸில் நீக்கி, செட்டிங்ஸ் வழியாகவே இன்னொரு முறை ரீசெட் செய்து, உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய பெயர் எதையும் கேட்காமல் உள்ளே விட்டால் போன் உங்களுடையது.

பணம் வாங்கித் திறப்பவரைப் பற்றிக் கேட்டீர்களே, அவர்கள் செய்வது ஏதோ ஒரு ஓட்டையில் நுழைந்து பூட்டைத் தாண்டுவது. அந்த ஓட்டைகளை கூகுள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறது. ஆண்ட்ராய்டு 15இல் பூட்டு இன்னும் இறுகிவிட்டது. கொடுத்த பணம் போவது ஒரு பக்கம், யாரென்று தெரியாதவர் கை வைத்த போனில் நாளைக்கு உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள் என்பது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை.

விற்றவர், “அந்தக் கணக்கு யாருடையது என்றே தெரியாது, நானும் வாங்கினதுதான்” என்று சொன்னால்? அவருக்கு விற்றவர் யார் என்று கேளுங்கள். பில்லையும் பெட்டியையும் கேளுங்கள். பெட்டியில் ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் இருக்கும். அது பில்லோடும் போனோடும் ஒத்துப்போக வேண்டும். எதுவும் இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பேசிய செய்திகள், பணம் அனுப்பிய ரசீது, எதையும் அழிக்காதீர்கள். அவர் மறுத்தால் அவற்றோடு காவல் நிலையத்துக்குப் போவதில் தவறே இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு முறை ஒரு பையன் ஐபோன் ஒன்றைக் கொண்டு வந்தான். மலிவாகக் கிடைத்ததாம், பூட்டை மட்டும் எடுத்துத் தரச் சொன்னான். இயக்கிப் பார்த்தேன். திரையில் ஒரு போன் நம்பரும் அதன் மேல் இரண்டு வரியும் இருந்தன: “இதில் என் அம்மாவின் குரல் இருக்கிறது. தயவுசெய்து கூப்பிடுங்கள்.” தொலைத்தவர் தூரத்தில் இருந்தே தன் போனில் இப்படி எழுத முடியும், ஆப்பிளில் அதற்கு லாஸ்ட் மோட் என்று பெயர். பையன் அதைப் படிக்காமல் இல்லை. பூட்டை எடுத்தால் எழுத்தும் போய்விடும் என்று நினைத்திருக்கிறான். என் போனில் இருந்தே அந்த நம்பரைக் கூப்பிட்டோம். அந்தப் பெண்மணி முதலில் நம்பவே இல்லை. போனைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பாஸ்வேர்டைக் கறக்கும் போலிச் செய்திகள் அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தனவாம். பையன் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவன் கொடுத்த பணம் போனதுதான், எனக்கும் அது வருத்தமே. அன்றிலிருந்து பூட்டை உடைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வரும் எவரிடமும், இதன் அந்தப் பக்கத்தில் ஒருவர் காத்திருக்கலாம் என்று சொல்லாமல் நான் விடுவதில்லை.

அடுத்த முறை வாங்கும்போது, அழித்துக் கொண்டுவந்த போனை வாங்காதீர்கள். விற்பவருடைய படங்களும் கணக்கும் உள்ளே இருக்கும் நிலையில் கொண்டுவரச் சொல்லி, உங்கள் கண் முன்னால் செட்டிங்ஸ் வழியாக அழிக்கச் சொல்லுங்கள். பிறகு வைஃபையில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரை போய்ப் பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். விற்பவர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும். முகப்புத் திரையைப் பார்த்த பிறகுதான் பணம். ஷாவ்மி போன் என்றால், கூகுள் பூட்டு போக அந்த நிறுவனத்தின் கணக்குப் பூட்டும் தனியாக இருக்கலாம், அதிலிருந்தும் வெளியேறிவிட்டாரா என்று பாருங்கள். உள்ளே போகும் வழியில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்து, இந்த போன் அவர்கள் நிர்வாகத்தில் இருப்பதாகச் சொன்னால் அது அலுவலகம் கொடுத்த போன். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை விற்க அவருக்கு உரிமை இருக்காது. அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: அண்மையில் என் கணவர் காலமானார். அவருடைய ஐபோனை மகன் பயன்படுத்தட்டும் என்று, பாஸ்கோட் தெரியாததால் கம்ப்யூட்டரில் இணைத்து அழித்தோம். இப்போது “சொந்தக்காரருக்குப் பூட்டப்பட்டது” என்று வருகிறது. அவருடைய மின்னஞ்சலின் முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. அவரில்லாமல் இதைத் திறக்கவே முடியாதா? (ஒரு வாசகி)

பதில்: முடியும் அம்மா. உங்களுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்தது. போனில் இருந்த படங்கள் அழிந்திருக்கும், ஆனால் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் அவர் சேமித்து வைத்திருந்தால் அவை அங்கே பத்திரமாக இருக்கும். போனை அழித்தது அதைத் தொடாது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐபோனில் இந்தப் பூட்டு 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது. ஆண்ட்ராய்டு பூட்டு போலன்றி இது ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. இந்த போன் இன்னாருடையது என்று அங்கே பதிவு இருக்கும். போனை எப்படி அழித்தாலும், மறுபடி எழும்போது அங்கே கேட்டுவிட்டுத்தான் திறக்கும். அதனால் அங்கே மாற்றினால்தான் உண்டு.

உங்கள் கணவர் உயிரோடு இருந்தபோது உங்களை லெகசி கான்டாக்ட்டாகச் சேர்த்திருந்தாரா என்று முதலில் பாருங்கள். 2021 கடைசியில் ஐஓஎஸ் 15.2 உடன் வந்த வசதி அது. தனக்குப் பிறகு தன் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்பே குறித்து வைப்பது. சேர்த்திருந்தால் உங்கள் ஐபோனின் செட்டிங்ஸிலோ, அவர் அச்சிட்டு வைத்த தாளிலோ அணுகல் சாவி என்ற ஒரு குறியீடு இருக்கும். அவருடைய காகிதக் கோப்புகளையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். அந்தச் சாவியோடு இறப்புச் சான்றிதழைச் சேர்த்து ஆப்பிளுக்கு அனுப்பினால் படங்கள் கிடைக்கும், போனின் பூட்டும் விலகும்.

அப்படி எதுவும் இல்லை என்றாலும் ஆப்பிளின் உதவி மையத்தை அணுகலாம். இறப்புச் சான்றிதழோடு போன் வாங்கிய பில்லையும் தேடி எடுத்து வையுங்கள், சீரியல் எண் இருக்கும் பில்லாக இருந்தால் இன்னும் நல்லது. வேறு ஆவணங்களும் கேட்கலாம், நாள் எடுக்கலாம். அதுவரை கடையில் யாரிடமும் கொடுக்காதீர்கள். அவர்கள் திறப்பதாகச் சொல்லிப் பாகங்களைக் கழற்றிவிட்டால், பிறகு ஆப்பிள் பூட்டை நீக்கினாலும் உங்கள் கையில் இருப்பது அவருடைய போனாக இருக்காது.

கேள்வி: என் ஐபோனை விற்கப்போகிறேன். படங்களையும் தொடர்பு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்? (ஒரு வாசகர்)

பதில்: முதலில் அந்த அழிப்பை நிறுத்துங்கள், சார். ஐகிளவுடில் நுழைந்த நிலையில் ஒரு படத்தை போனில் அழித்தால் அது ஐகிளவுடிலும் போய்விடும், உங்கள் மற்ற கருவிகளிலும் போய்விடும். இப்போதே போய், அண்மையில் நீக்கியவை என்ற ஆல்பத்தில் இருந்து படங்களை மீட்டுவிடுங்கள். அங்கே 30 நாள் வரை இருக்கும்.

பிறகு ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு, செட்டிங்ஸில் ஜெனரலின் அடிப்பகுதியில் ‘டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்’ என்பதற்குள் இருக்கும் ‘எரேஸ் ஆல் கன்டென்ட் அண்டு செட்டிங்ஸ்’ கொடுங்கள். உங்கள் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதைப் போட்டால்தான் பூட்டு விலகும், தவிர்க்காதீர்கள். இதை வாங்குபவர் முன்னால் செய்வது அவருக்கும் நிம்மதி. ஆனால் திருட்டுப் பாதுகாப்பு வசதியை நீங்கள் போட்டு வைத்திருந்தால், பழக்கமில்லாத இடத்தில் கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு ஒரு மணி நேரம் காக்க வைக்கும். கிளம்பும் முன் வீட்டிலேயே அந்த வசதியை நிறுத்திவிட்டுப் போங்கள்.

விற்ற பிறகு பூட்டு இருப்பதாக வாங்கியவர் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை. ஐகிளவுட் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை பகுதியில் அந்த போனைத் தேர்ந்தெடுத்து, கணக்கில் இருந்து நீக்கினால் போதும். பாஸ்வேர்டை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், வாங்கியவரே கேட்டாலும்.