பெயரை மூடிவிட்டு வாசியுங்கள்

கேள்வி: தரம் 3 படிக்கும் மகளிடம் காட்டு விலங்குகள் பற்றி வசனம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ‘யானை பெரியது, அதற்கு நான்கு கால்கள்’, ‘சிங்கம் காட்டுக்கு ராஜா’ என்று எழுதிக் கொடுத்தேன். சின்னப் பிள்ளைக்கு இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா? – ஒரு தாய், கொடிகாமம்

பதில்: எளிமைக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா; வசனத்துக்குள் யானையைத்தான் காணவில்லை. நான்கு கால் உங்கள் வளவில் கட்டியிருக்கும் ஆட்டுக்கும் உண்டு. விலங்கின் பெயரைக் கையால் மூடிவிட்டு மகளிடம் வாசித்துக் காட்டுங்கள். இன்னதென்று அவள் சொல்லிவிட்டால் அது நல்ல வசனம். ‘தும்பிக்கையால் தண்ணீரை உறிஞ்சி வாய்க்குள் விடும்’: 5 சொற்கள், யானை வந்துவிட்டது. அப்புறம், படம் கீறும்போது எல்லா யானைக்கும் தந்தம் வைக்க வேண்டாம். நம் நாட்டில் ஆண் யானைகளிலேயே கொம்பன் குறைவு.

சிங்கத்துக்கு என்ன அவசரம்? இலங்கைக் காடுகளில் சிங்கம் கிடையாது, கொடியில்தான் உண்டு. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போய்க் காட்டியபின் எழுதட்டும். பெண் சிங்கத்துக்குப் பிடரிமயிர் இல்லை என்று அவளே எழுதுவாள்.

கொடிகாமத்தில் இருந்துகொண்டு கீரியை விட்டுவிட்டீர்களே! பட்டப்பகலில் வேலிக்கரையோடு தலையைத் தாழ்த்தி, உடம்பை நீட்டிக்கொண்டு ஓடும். வால் கிட்டத்தட்ட உடம்பளவு நீளம். தூரத்தில் வெறும் சாம்பல் நிறம். கிட்ட வந்தால் ஒவ்வொரு மயிரிலும் வெளிறலும் கறுப்பும் மாறிமாறித் தெரியும். பாம்போடு சண்டை என்றால் மயிரைச் சிலிர்த்துக்கொள்ளும். நாகம் கொத்தினாலும் பல பொழுது வாயில் மயிர்தான் அகப்படும். நாக விஷத்தையும் ஓரளவு தாங்கும். கடிபட்டதும் ஓடிப்போய்ப் பச்சிலை தின்று பிழைக்கும் என்ற கதையை மட்டும் கொப்பியில் ஏற்ற வேண்டாம்.

மரநாய்க்கு ‘இரவில் கூரையில் ஓடும், பழம் தின்னும்’ என்றாலே போதும். உடும்பைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது மணம் பிடிக்க, பிள்ளைகள் பயப்படுவது அந்த நாக்குக்குத்தான். கண்டால் தள்ளி நின்று காட்டுங்கள், பிடித்துக் கட்டி வைக்காதீர்கள். உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கறிச்சட்டிக்கும் அதே சட்டம்தான்.