சீனாவின் மியாவ் என்ற இனத்துப் பெண்களின் உடை கருநீலமாக இருக்க, ஓரப்பட்டை மட்டும் ஏன் அத்தனை பளிச்சென்று இருக்கிறது?

காரணம் எதிர்நிறம். அதாவது, பக்கத்தில் வரும்போது ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள். தென்மேற்குச் சீனாவின் குய்ச்சோ மாகாணத்து மியாவ் பெண்கள் அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்க்கும் துணி கிட்டத்தட்ட கறுப்பாகிவிடும். மரச்சுத்தியலால் அடித்து அதை மினுக்குவதும் உண்டு. அதன்மேல் சிவப்பு நூல் எரிகிற மாதிரி தெரியும். அருகில் பச்சை வந்தால் இன்னும் அதிகம். கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து எடுப்பாகத் தெரிவதுபோலத்தான். அப்புறம், சட்டைக் கையில் வரும் பட்டையைப் பல இடங்களில் தனியாகப் பூத்தையல் போட்டுத்தான் சட்டையில் இணைப்பார்கள். சட்டை நைந்தால் பிரித்துப் புதியதில் வைக்கலாம். (எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.)

எல்லா மியாவ் பெண்களும் கருநீலம்தான் உடுத்துவார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிவுக்குப் பிரிவு நிறம் மாறும், வெள்ளைப் பாவாடை உடுத்துபவர்களும் உண்டு.