கமிஷன் வாங்கினால் ஓ.டி. கிடையாதா?

மலேசியாவில் கமிஷன் அடிப்படையில் விற்பனை வேலை பார்ப்பவர்கள் ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) போன்றவை பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் புடவைக் கடையில் வேலை. வாரம் ஆறு நாள், தினமும் எட்டு மணி நேரம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 2,080 வெள்ளி (ரிங்கிட்), கமிஷன் தனி. ஒன்பதுக்குக் கடை சாத்திய பிறகு பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி, ஸ்டாக் எண்ணி முடிக்கப் பத்தரை ஆகிறது. ஓ.டி. கேட்டால், "தீபாவளி மாதம் கமிஷனோடு நாலாயிரத்தைத் தாண்டினாயே, உனக்குக் கிடையாது" என்கிறார் முதலாளி.

பதில்: உங்கள் முதலாளி சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார், தங்கச்சி. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு ஓ.டி. கட்டாயமில்லை என்பது சரி. ஆனால் அந்த 4,000 கணக்கில் கமிஷனைச் சேர்க்கக் கூடாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணையே அப்படித்தான் சொல்கிறது.

பேசிக்கை மட்டும் வைத்துப் பார்ப்போம். சட்டக் கணக்குப்படி 2,080-ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 80, மணிக்கு 10. ஓ.டி. ஒன்றரை மடங்கு, அதாவது 15. ஒரு ராத்திரிக்கு 22 வெள்ளி 50 காசு, ஆறு ராத்திரிக்கு 135. புடவை மடிப்பதற்கு யாரும் கமிஷன் தருவதில்லையே! அப்புறம், தினம் எட்டு மணி வீதம் ஆறு நாள் என்றால் அதுவே 48 மணி நேரம். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு உச்சவரம்பு 45தான். அதையும் கேளுங்கள்.

கேள்வி: பினாங்கில் கார் விற்கிறேன். பேசிக்கே கிடையாது, வெறும் கமிஷன். ரோட்ஷோவில் நிற்க வேண்டும், காரைக் கழுவ வேண்டும், வேலைக்கு வந்துபோகும் நேரத்தைப் பதியும் பஞ்ச் கார்டும் உண்டு. கேட்டால் "நீ ஏஜெண்ட்" என்கிறார்கள்.

பதில்: ஏஜெண்டுக்கு எதற்குத் தம்பி பஞ்ச் கார்டு? எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் அவர்களே கட்டுப்படுத்தினால் நீங்கள் தொழிலாளி என்றே முதலில் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. சட்டத்தின் 101சி பிரிவு அது. தொழிலாளி என்றானால், முழுக்க கமிஷனில் இருப்பவருக்கும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. ஒரு கார்கூட விற்காத மாதத்திலும்தான்.

கேள்வி: என் பேசிக் 4,500. விற்பனை நேரத்தில் ஸ்டோருக்கு அனுப்புகிறார்கள், கமிஷன் போகிறது.

பதில்: உங்களுக்குச் சட்டப்படி ஓ.டி. இல்லை. வேலை நேரத்துக்குள் வேறு வேலை கொடுத்தால் தனிக் கூலியும் இல்லை. ஒப்பந்தத்தில் "கொடுக்கும் பிற வேலைகள்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும், விற்பனைக்கு எடுத்தவரை மாதக்கணக்கில் ஸ்டோரிலேயே வைத்திருந்தால் அது பேச வேண்டிய விஷயம்தான்.

கேள்வி: புகார் செய்தால் வேலை போய்விடுமே ஐயா?

பதில்: பயம் நியாயமானது. அதனால் முதலில் ஆதாரம் சேருங்கள்: "எல்லாரும் இருந்து ஸ்டாக் எடுக்கணும்" என்ற வாட்சாப் செய்தி, பஞ்ச் கார்டின் படம், சம்பளச் சீட்டு. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் அன்றிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுத்துவிட வேண்டும். அது வேறு அலுவலகம். தொழிலாளர் இலாகாவில் கொடுத்த புகார் இதற்குச் செல்லாது.