அரிசிப் பானைக்குள் ஒரு மாத்திரை அட்டை

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் 17 வருடமாக கிளினிக் நடத்தும் எம்.டி. டாக்டர் நான். ஆளுக்கு மூன்று நிமிடம் பார்த்து மாத்திரை எழுதியே அலுத்துவிட்டது. சாப்பாட்டை மாற்றியதில் என் சுகரே குறைந்திருக்கிறது. கிளினிக்கை மூடிவிட்டு, தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) உணவு வழியாகக் குணப்படுத்தும் இடம் தொடங்க ஆசை. மனைவியும் மாமனாரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவுக்கு 71 வயது, 20 வருட சுகர். மாத்திரையை நிறுத்தி, ராத்திரிக்குக் கொள்ளுச் சாறு மட்டும் கொடுக்கிறேன். அவரோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துப் போட்டுக்கொள்கிறார். பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. விடியற்காலையில் இரண்டு தடவை அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கழிவு வெளியேறுகிறது என்று சொல்லியிருக்கிறேன். மனசு சொல்வதைக் கேட்கட்டுமா, குடும்பம் சொல்வதையா?

பதில்: டாக்டர் தம்பி, மனசா குடும்பமா என்று கேட்டு எனக்கு மாசம் நாலு கடிதம் வருகிறது, ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மாட்டுப்பண்ணை வைக்கட்டுமா என்பதில் ஆரம்பித்து. பாதிக்கு மேல் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்தது அந்த அரிசிப் பானைக்காக.

சிரிப்பு வந்ததா உங்களுக்கு? பெத்த தாய் மகனுக்குப் பயந்துகொண்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி மாத்திரை எடுக்கிறார். அந்த மகன் டாக்டர் வேறு. முன்பு உங்களிடம் வந்தவர்கள் வெல்லக் காபி குடித்ததை மறைத்திருப்பார்கள், இப்போது அம்மா மாத்திரையை மறைக்கிறார். மூன்று நிமிட வைத்தியம் பிடிக்கவில்லை என்கிறீர்களே, அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், நேரத்துக்கு என்ன பஞ்சம்? ஏன் பயப்படுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எம்.டி. படித்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஒரு நாள் முழுக்க வேலை செய்கிற மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி வெறும் சாற்றோடு படுத்தால் விடியற்காலையில் ஏன் வேர்க்கும்? சுகர் அளவுக்கு மீறி இறங்கிப்போவதால்தானே? வேறு நோயாளி வந்து இதையே சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் விரலில் குத்தி சுகர் பார்த்திருப்பீர்கள். அம்மா என்றதும் கழிவு என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

உணவால் சுகர் இறங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 2017-இல் வெளிவந்த பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமலே சுகர் நோய் தணிந்திருந்தது. அதில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், 65 வயதைத் தாண்டாதவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் கண்காணிப்போடுதான். உங்கள் அம்மா எந்தக் கணக்கில் வருகிறார்? கம்மங்கூழும் கொள்ளுப் பருப்பும் நம்ம பக்கத்துச் சாப்பாடுதான், எங்க அம்மிச்சியும் அதைத்தான் சாப்பிட்டார், ஆனால் கூழைக் குடித்துவிட்டுப் பொழுது சாயும் வரை களை வெட்டினார். அதை யாரும் சொல்வதில்லை.

பெத்தவர்களுக்கு மகன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. பழமைவாதம் என்று நினைத்தாலும் சரி. 'முடியாது' என்று மகனிடம் அம்மாவால் சொல்ல முடியாது, அதனால்தான் பானையைத் தேடிப் போகிறார். ஈரோட்டிலோ கோவையிலோ உங்களுக்குத் தெரிந்த வேறு டாக்டரிடம் இந்த வாரமே கூட்டிப்போங்கள், உள்ளே அவரே பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அந்த டாக்டர் முடிவு செய்யட்டும்.

மாமனார் பணம் அந்த கிளினிக்கில் இருந்தால் அவர் கேள்வி கேட்கத்தான் செய்வார், கணக்கோடு போய்ப் பேசுங்கள். சாளை எங்கேயும் போய்விடாது.

இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு அரிசிம்பருப்புச் சாதம் ஒரு கரண்டியாவது போடுங்கள். படுக்கிற இடத்தில் குளுக்கோமீட்டரும் சர்க்கரை டப்பாவும் இருக்கட்டும். வேர்த்தது என்றால் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அந்த அட்டையை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள் தம்பி, திட்டமாட்டேன் என்று சொல்லுங்கள், அம்மாவே எடுத்துக்கொண்டு வருவார்.