மகப்பேறு விடுப்பு முடிந்து வந்தால் 'ஈடுபாடு குறைவு' என்கிறார்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஜூரோங்கில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது என் பெரிய வாடிக்கையாளர்களை இன்னொருவரிடம் கொடுத்திருந்தார்கள். "குழந்தை சின்னது, உனக்கு எதுக்கும்மா அலைச்சல்" என்றார் மேலாளர். அவரும் தமிழர்தான். இப்போது ஆண்டு மதிப்பீட்டில் 'ஈடுபாடு குறைவு' என்று எழுதி, போனஸையும் குறைத்துவிட்டார்கள். புகார் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: உங்கள் மேலாளர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். பாகுபாடு பெரும்பாலும் இப்படி அக்கறையாகப் பேசிக்கொண்டுதான் வரும். ஆனால் வாடிக்கையாளரையும் பறித்துக்கொண்டு, ஈடுபாடு இல்லை என்று மதிப்பெண்ணையும் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

முதல் மின்னஞ்சலில் 'பாகுபாடு' என்ற சொல்லே வேண்டாம். அதைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு உஷாராகிவிடும். எந்த வாடிக்கையாளர், எந்தத் தேதியில், யார் முடிவில் கைமாறினார் என்று முதலில் குறித்து வையுங்கள். அலைச்சல் பற்றி மேலாளர் சொன்னதையும் தேதியோடு எழுதுங்கள். (வாடிக்கையாளர் பட்டியலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பிறகு அதுவே உங்கள் மீது குற்றச்சாட்டாகிவிடும்.) அப்புறம் மேலாளருக்கு எழுதி, மனிதவளப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள்: "இந்த வாடிக்கையாளர்களை மாற்றிய காரணம் என்ன? எப்போது திரும்பக் கிடைப்பார்கள்? ஈடுபாடு குறைவு என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" இந்த மூன்று கேள்விகள் போதும். பதில் எழுத்தில் வர வேண்டும்.

அலைச்சலைக் குறைக்க வேண்டுமானால் அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதலின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

நிறுவனத்துக்குள் தீரவில்லையா? நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் (TAFEP) அமைப்பிடம் போங்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கத்திடமும் பேசுங்கள். நியாயமற்ற நடைமுறை உறுதியானால் மனிதவள அமைச்சு அந்த நிறுவனத்தின் வேலை அனுமதிச் சலுகைகளையே முடக்கலாம். வெளிநாட்டு ஊழியர்களை நம்பியிருக்கும் முதலாளிக்கு அது சும்மா விஷயமில்லை.

2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் பாலினம், கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதற்கும் தடை உண்டு. ஆனால் அது 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கும் இருக்கும்.

வேலைக்கு ஆபத்தா என்றால், வராது என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. அப்படி நியாயமின்றி நீக்கினால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் டாட்எம் (TADM) அமைப்பில் சமரசத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அதுவரை கோபத்தில் ராஜினாமா கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வற்புறுத்தி எழுத வைத்தார்கள் என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு.