கதவுக்கு அடியில மழைத்தண்ணி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், எங்க பின்வாசல்ல இருக்கிறது மரக்கதவு, உள்பக்கமா திறக்கும். சாதாரண மழைக்கு ஒண்ணும் ஆகறதில்ல, காத்தோட சேர்ந்து அடிச்சா மட்டும் அடியில இருந்து தண்ணி வந்து பாதி ரூம் நனைஞ்சுடுது. ஸ்பாஞ்ச் பட்டை வாங்கி ரெண்டு தடவை ஒட்டினேன், ரெண்டும் பிஞ்சு வந்துடுச்சு. கொத்தனார் உள்பக்கம் சிமென்ட்ல சின்னதா ஒரு மேடு கட்டிடலாம்ங்கறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க சகோதரி. உள்ள திறக்கிற கதவுங்கறீங்க, மேடு கட்டினா கதவு அதுல இடிக்கும், இடிக்குதேன்னு கதவோட அடியை அறுப்பாங்க, அப்புறம் இப்ப இருக்கறதை விட பெரிய சந்து ஆயிடும். கதவு சுத்துற இடத்தைத் தாண்டி கட்டினாலும் தண்ணி மேட்டுக்கு அந்தப்பக்கம் தேங்கி நிக்கும், கதவு நிலையோட ரெண்டு காலும் அந்த ஈரத்துல ஊறி ஊறி உளுத்துப் போயிடும். இப்படி உளுத்த ஒரு கதவு நிலையை நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், வெளியில பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் முனையால லேசா அழுத்தினா ஈர மண்ணுல இறங்கற மாதிரி அரை இன்ச் உள்ள போகுது. உங்க நிலைக்காலையும் இன்னைக்கே இப்படிக் குத்திப் பாத்துடுங்க, இறங்கிச்சுன்னா முதல்ல ஆசாரியைக் கூப்பிட்டு அதைச் சரி பண்ணணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

உள்ள வந்த தண்ணியை நிறுத்தப் பாக்காதீங்க, வெளியிலயே திருப்பி விடுங்க. அதுக்கு அது எந்த வழியா வருதுன்னு தெரியணும். மழை இல்லாத நாள்ல ஒருத்தர் வெளியில ஹோஸ் பைப் புடிக்கட்டும், நீங்க உள்ள டார்ச்சோட தரையில உக்காந்துக்கோங்க. எடுத்த உடனே மேல இருந்து அடிக்கக் கூடாது, அடிச்சா எல்லா இடமும் ஒண்ணா நனைஞ்சு எங்க இருந்து வருதுன்னே தெரியாது. முதல்ல வாசப்படிக்கு வெளியில இருக்கிற தரையில மட்டும் ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடணும், அப்புறம் படி, அப்புறம் நிலையும் சுவரும் சேர்ற ஓரம், கடைசியா கதவோட முகம். எந்த இடத்துல விடும்போது உள்ள ஈரம் தெரியுதோ அதுதான் வழி.

காத்தடிச்சா மட்டும் வருதுன்னு நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா கதவோட முகம்தான்னு நினைக்கிறேன். மழை கதவு மேல பட்டு வழிஞ்சு அடி விளிம்புக்கு வரும், வந்தது நேரா கீழ விழாது, மரத்தோட அடிப்பக்கத்தைப் புடிச்சுக்கிட்டே ஊர்ந்து உள்பக்கம் வரும், பின்னாடி இருந்து காத்து வேற தள்ளும். டார்ச் அடிச்சுப் பாத்தீங்கன்னா சொட்டு சொட்டா வரிசையா தொங்கிக்கிட்டு ஒவ்வொண்ணா உள்ள நகர்றது நல்லாவே தெரியும். அந்த நேரத்துல கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினா இன்னும் மோசம், வீட்டுக்குள்ள காத்தழுத்தம் குறைஞ்சு அதுவும் தண்ணியை உள்ள இழுக்கும்.

இதுக்கு, கதவோட வெளிப்பக்கம் அடியில குறுக்கால ஒரு சாய்வுக் கட்டை அடிக்கணும், மரத்துலயும் இருக்கு அலுமினியத்துலயும் இருக்கு. மேல்பக்கம் வெளியே பாத்து சரிவா இருக்கணும், அடிப்பக்கத்துல நீளவாக்குல ஒரு காடி, அதாவது கோடு மாதிரி ஒரு சின்னப் பள்ளம், ஓடணும், அந்தக் காடிதான் முக்கியம், ஊர்ந்து வர்ற தண்ணி அதைத் தாண்ட முடியாம அங்கயே சொட்டிடும். சன்ஷேடு அடியில காடி விடறதும் இதே காரணத்துக்குத்தான். கட்டையோட மேல் விளிம்பும் கதவும் சேர்ற இடத்துல சீலண்ட் போடுங்க, கீழ் விளிம்புல போடாதீங்க, தப்பித்தவறி பின்னாடி போன தண்ணி வெளிய வர ஒரு வழி வேணும். ரெண்டு நுனியும் நிலையில உரசாத மாதிரி அளவெடுத்து வெட்டச் சொல்லுங்க.

ஸ்பாஞ்ச் பட்டையை மறந்துடுங்க, அது தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், ஈரத்துல பசையும் நிக்காது. ஸ்க்ரூ போட்டு மாட்டற ரப்பர் பட்டை வாங்குங்க, இபிடிஎம் ரப்பர்னா வெயிலுக்கும் மழைக்கும் நல்லா தாங்கும். படியில பட்டு லேசா மடங்கினா போதும், ரொம்ப அழுத்தி மாட்டினா திறக்கும்போதெல்லாம் தேய்ஞ்சு சீக்கிரம் கிழிஞ்சுடும்.

கதவைக் கழட்டினா அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. நிறைய வீட்டுல அங்க பெயிண்டே இருக்காது, நின்ன நிலையில யாருக்கும் தெரியாதேன்னு விட்டுடுவாங்க. மரம் அதிகமா தண்ணி குடிக்கிறது நார் வெட்டுப்பட்டு நிக்கிற நுனியிலதான், அதனால நல்லா காயவிட்டு பிரைமர் அடிச்சு ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சுடுங்க.

ஒருவேளை தரையில தண்ணி விட்டப்பவே உள்ள வந்துச்சுன்னா நான் இவ்வளவு நேரம் சொன்ன கட்டையும் ரப்பரும் உதவாது, வெளித்தரையோட வாட்டம், அதாவது சரிவுதான் தப்பு. வாசல்ல இருந்து வெளிய பாத்து 1 மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது இறங்கணும், ரசமட்டம் வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டி வெளித்தரை வீட்டுத்தரைக்குச் சமமா வந்துடறது இப்ப ரொம்ப சகஜமா நடக்குது, எனக்கு அதைப் பாத்தாலே வருத்தமா இருக்கும். அதைப் பேத்து இறக்கறதுதான் சரி, முடியலைன்னா வாசலை ஒட்டி குறுக்கால ஒரு கால்வாய் வெட்டி மேல கிரில் மூடி போட்டு தண்ணியைப் பக்கவாட்டுல வெளியேத்துங்க.

கேள்வி: எங்களுது யுபிவிசி ஸ்லைடிங் கதவு. கீழ் ஃபிரேம்ல வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் தண்ணி வருதுன்னு சிலிகான் வச்சு அடைச்சுட்டேன். இப்ப முன்னைவிட அதிகமா வருதே?

பதில்: அந்த ஓட்டை தண்ணி வெளிய போறதுக்கு வச்சது. ஸ்லைடிங் டிராக்ல மழைத்தண்ணி கொஞ்சம் விழத்தான் செய்யும், ஓட்டை வழியா வடிஞ்சுடும், அதை அடைச்சதால டிராக் ரொம்பி உள்பக்கம் வழியுது. சிலிகானை பிளேடால பதமா கீறி எடுங்க, டிராக்ல இருக்கிற மண்ணு, முடி எல்லாத்தையும் பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு எடுத்துட்டு ஒரு மக் தண்ணி ஊத்திப் பாருங்க, வெளிப்பக்கம் வடியணும். சிலிகான் வைக்க வேண்டிய இடம் ஃபிரேமும் சுவரும் சேர்ற ஓரம். அங்கயும் பழசைச் சுத்தமா சுரண்டிட்டு, காஞ்ச இடத்துலதான் வைக்கணும், பழைய சிலிகான் மேல புதுசு ஒட்டாது.

கேள்வி: இன்னும் ரெண்டு நாள்ல பெருமழைன்னு சொல்றாங்க, அதுக்குள்ள ஆள் கிடைக்காது. தற்காலிகமா என்ன பண்றது?

பதில்: கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணை கதவோட வெளிப்பக்கம் ஒரு முழம் உயரத்துக்கு டேப் போட்டு ஒட்டி, மிச்சத்தைத் தரையில விரிச்சு, அது மேல முக்கால்வாசி ரொப்பின மணல் மூட்டைகளை கதவை ஒட்டி நெருக்கமா அடுக்குங்க, ரொம்ப ரொப்பினா மூட்டை படியாது, நடுவுல சந்து விழும். டேப் ஈரத்துல ஒட்டாதுங்கறதால மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒட்டிடணும். வீட்டுல வெளிய போக இன்னொரு வாசல் இருந்தா மட்டும்தான் இதைச் செய்யணும், இருக்கிறது ஒரே வாசல்னா அதை அடைக்காதீங்க, உள்பக்கம் பழைய துணியைச் சுருட்டி வச்சுக்கிட்டு அப்பப்ப பிழிஞ்சு போடுங்க.