திமிங்கிலம் பார்க்கும் படகுகள்: கேட்டதும் சொன்னதும்

படகு பக்கத்தில் வந்தும் திமிங்கிலம் விலகவில்லை. அப்படியென்றால் தொந்தரவு இல்லை என்றுதானே அர்த்தம்?

படகுக்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே டால்பின் காட்டும் படகு ஒன்றிலிருந்து இரண்டானது. 2006-இல் வெளியான ஆய்வின்படி, படகுகள் சுற்றும் பகுதியில் டால்பின்கள் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்திருந்தன. இத்தனைக்கும் படகைக் கண்டு அதிகம் மிரண்டவை படகு வராத பகுதி டால்பின்கள்தான்! மிரளுபவை முன்பே இடத்தைக் காலி செய்திருக்கும், பொறுத்துக்கொள்பவை மிஞ்சியிருக்கும். மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டுப் 'பழகிவிட்டது' என்று எழுதிவிடுகிறோம். அங்கே அரசு பிறகு படகு உரிமத்தை ஒன்றாகக் குறைத்தது.

அப்போது பாதிப்பை எப்படித்தான் அளப்பது?

கரையோரக் குன்றின் மேல் தியோடலைட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நிலம் அளக்கிறவர்கள் வைத்திருக்கும் அதே கருவிதான். திமிங்கிலம் மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் கோணத்தையும் நேரத்தையும் குறித்தால் வேகம், திசை, இரண்டு மூச்சுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாம் வந்துவிடும். ஆய்வுக்கென்று படகில் போனால் அதுவும் ஒரு தொந்தரவுதான். படகே இல்லாத நேரத்துப் பதிவு கையில் இல்லாமல் மற்றதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

100 மீட்டர் தள்ளி நின்றால் போதாதா?

இனத்தைப் பொறுத்தது. ஹவாயில் கூனல் திமிங்கிலத்துக்கு 100 கஜம். வாஷிங்டன் மாநிலத்தில் 2025 முதல் 'தென்பகுதி' எனப்படும் கூட்டத்து ஓர்காக்களுக்கு (கொலைத் திமிங்கிலங்களுக்கு) 1000 கஜம். ஓர்கா எதிரொலியைக் கேட்டுத்தான் சால்மன் மீனைத் தேடுகிறது, எஞ்சின் இரைச்சல் அதை அமுக்கிவிடும். அதனால் தூரத்தை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், போகும் பாதையை மறித்து நிற்கவே கூடாது.

பயணிகள் எடுக்கும் படங்களால் பயன் உண்டா?

நிறைய. கூனல் திமிங்கிலத்தின் வால் அடிப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி இருக்கும். படத்தை நாள், இடத்தோடு ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றுங்கள்; படத்தை வைத்து எந்தத் திமிங்கிலம் என்று அடையாளம் காணும் இணையதளம் அது.

கூடவே இறங்கி நீந்தலாமா?

வேண்டாம். குட்டி இருந்தால் பேச்சே இல்லை.

நல்ல படகை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'மிக அருகில் காட்டுவோம்' என்ற விளம்பரத்தைத் தவிருங்கள். ஒரு திமிங்கிலத்தோடு எவ்வளவு நேரம் நிற்பீர்கள், எத்தனை படகு இருந்தால் விலகிப் போவீர்கள் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் ஏறலாம்.